கடற்கரைக்கு நாலு கிலோமீட்டர் உள்ளே: ஜோவாவ் பெசோவா நாட்குறிப்பு

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

பிரேசிலில் சில மாதம் தங்கி லேப்டாப்பில் வேலை பார்க்கலாம் என்று விசாரித்தால் முதலில் வரும் பெயர்கள் ரியோ, சாவ் பாவ்லோ, அப்புறம் தெற்கே ஃப்ளோரியானோபொலிஸ். மூன்றிலும் வாடகை கையைக் கடிக்கும். நான் வந்திருப்பது வடகிழக்கில், பராயிபா மாநிலத்தின் தலைநகரான ஜோவாவ் பெசோவாவுக்கு. ரெசிஃபியில் விமானம் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் வடக்கே 120 கிலோமீட்டர். வழி நெடுகக் கரும்பு.

2022 கணக்கெடுப்பின்படி இங்கே மக்கள் தொகை 8.3 லட்சம். 1585-ல் போர்த்துகீசியர்கள் தொடங்கிய ஊர். அதைக் கடலோரத்தில் கட்டவில்லை, உள்ளே தள்ளி சன்யாவா ஆற்றங்கரையில் கட்டினார்கள். ஊர் கடலைப் பார்த்து வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். இன்றும் பழைய தேவாலயங்கள், சந்தை, ரயில் நிலையம் எல்லாம் ஆற்றுப் பக்கம். ஹோட்டல்களும் புது அடுக்குமாடிகளும் கடல் பக்கம். இரண்டுக்கும் நடுவில் சாதாரண ஜனங்கள் வாழும் பேட்டைகள். என் தேடல் அந்த நடுப்பகுதியில்தான்.

இந்த ஊரைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம் நேரம். அமெரிக்கக் கண்டங்களின் கிழக்குக் கோடி இந்த ஊரில்தான் இருக்கிறது, பொன்டா டோ செய்ஷாஸ் என்ற இடத்தில். அதனால் சூரியன் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். இந்த மாதத்தில் ஐந்து மணிக்கே நன்றாக விடிந்துவிடுகிறது, மாலை ஐந்தே காலுக்குள் இருட்டத் தொடங்குகிறது. சென்னைக்கும் இங்கேயும் எட்டரை மணி நேர வித்தியாசம். எங்கள் அலுவலகத்தில் செகண்ட் ஷிஃப்ட் மதியம் ஒன்றரைக்கு ஆரம்பிக்கும். அது இங்கே விடிகாலை ஐந்து. மதியம் இரண்டுக்கு என் வேலை முடிந்துவிடும். இதே ஷிஃப்டைச் சென்னையில் பார்த்தபோது இரவு பதினொன்றுக்கு மேல்தான் வீடு போய்ச் சேர்வேன். இங்கே ஊரே விடிகாலையில் எழுகிற ஊர் என்பதால் ஐந்து மணிக்கு லேப்டாப் முன் உட்காருவது வினோதமாகத் தோன்றவில்லை.

விசா பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 2021-ல் வந்த ஒரு தீர்மானத்தின்படி, வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே பிரேசிலில் தங்க ஒரு தனி விசா இருக்கிறது. மாத வருமானம் 1,500 டாலர், அல்லது வங்கியில் 18,000 டாலர் இருப்பதைக் காட்ட வேண்டும். நம் பணத்தில் மாதம் 1.3 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். முதலில் ஒரு வருடம், பிறகு புதுப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு, வேலை ஒப்பந்தம், போலீஸ் சான்றிதழ் வேண்டும். நம் ஊர்க் காகிதங்கள் வெளிநாட்டில் செல்லுபடியாக அபோஸ்டில் என்ற முத்திரை வேண்டும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் செல்லும். நான் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 15, புதன்

இன்று முழுக்க வீடு.

முதலில் கடலோரப் பேட்டைகளான தம்பாவ், மனாயிரா, கபோ பிராங்கோ மூன்றையும் பார்த்தேன். அழகான இடங்கள். கடற்கரையை ஒட்டி உயரமான கட்டடமே கிடையாது. 1989-ல் எழுதப்பட்ட பராயிபா மாநில அரசியலமைப்பிலேயே அதற்கு ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள்: கடலிலிருந்து 500 மீட்டர் அகலத்துக்கு உயரக் கட்டுப்பாடு, முதல் வரிசைக் கட்டடங்கள் சுமார் 13 மீட்டரைத் தாண்டக் கூடாது, உள்ளே போகப் போகக் கூடி 35 மீட்டரோடு முடிய வேண்டும். அதனால் மாலையில் கட்டட நிழல் மணல் மேல் விழுவதில்லை, காற்றும் உள்ளே தடையில்லாமல் வருகிறது. சட்டம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மெரினாவை ஒட்டி வாழ்ந்தவர்களுக்குக் கடல் காற்றின் அருமை தெரியும்.

ஆனால் அங்கே ஆங்கிலத்தில் போட்டிருந்த விளம்பரங்களில் சின்ன ஸ்டுடியோவுக்கு மாதம் 4,500 ரெயால் கேட்டார்கள். ஒரு ரெயால் இன்றைக்கு 16 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டால் 73,000 ரூபாய். டாலரிலோ யூரோவிலோ சம்பளம் வாங்குபவர் இதை மலிவு என்பார். ரூபாயில் வாங்குகிறவனுக்கு இது மலிவே இல்லை. இணையத்தில் கிடைக்கும் ‘மலிவான பிரேசில்’ கட்டுரைகளை நம்மவர்கள் படிக்கும்போது இதை மனதில் வைக்க வேண்டும்: அந்தக் கணக்கு யாருடைய சம்பளத்துக்குப் போட்டது என்று பாருங்கள்.

மதியத்துக்கு மேல் பான்காரியோஸ் போனேன். கடலிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, பராயிபா மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பேட்டை. மாணவர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர் குடும்பங்கள். இங்கே வீடு தேடும் முறை எளிது: தெருத் தெருவாக நடக்க வேண்டும். கேட்டில் ‘வாடகைக்கு’ என்று போர்த்துகீசியத்தில் எழுதி ஒரு வாட்ஸ்அப் எண் தொங்கும். அந்த எண்ணுக்கு எழுதினால் பதில் வருகிறது, பெரும்பாலும் குரல் செய்தியாக. எனக்குப் போர்த்துகீசியம் அரைகுறை. குரல் செய்தியை இரண்டு மூன்று முறை ஓட்டிக் கேட்டுப் பதில் சொன்னேன். யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள வாடகை முழு வாடகை அல்ல. அதன்மேல் கொண்டொமீனியோ என்ற மெயின்டனன்ஸ் இருக்கிறது, சொத்து வரியையும் பெரும்பாலும் குடியிருப்பவர் தலையிலேயே கட்டுவார்கள். ‘எல்லாம் சேர்த்து எவ்வளவு’ என்றுதான் முதல் கேள்வி கேட்க வேண்டும்.

பிராசா டா பாஸ் பூங்காவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை, சமையல் மேடை, குளியலறை. கட்டில், ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு, ஏசி இருக்கிறது. தண்ணீரும் மற்றதும் சேர்த்து 1,900. மின்சாரம் மட்டும் தனி. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்று பிரேசிலில் ஆசிரியர் தினம். பழைய மாணவர்கள் ஃபோன் பண்ணிக்கொண்டே இருந்தார்கள், நடுநடுவே எனக்கு வீட்டைக் காட்டினார். ‘மகனே, சமைப்பாயா?’ என்பதுதான் அவர் கேட்ட ஒரே விசாரணை. சமைப்பேன் என்றதும் திருப்தி. நாளை குடிபோகிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

இங்கே மின்சாரம் 220 வோல்ட், அதனால் நம் சார்ஜர்கள் எதுவும் புகையாது. ஆனால் நம் மூன்று முள் பிளக் உள்ளே போகாது. மெல்லிய இரண்டு முள் போகும். சென்னையிலிருந்து வரும்போதே இரண்டு அடாப்டர் கொண்டு வாருங்கள். இன்டர்நெட் வீட்டுக்கார அம்மாவின் ஃபைபரிலேயே தனி ரவுட்டர் போட்டுத் தருகிறார், மாதம் 100. காலை மீட்டிங்கில் ஒரு தடவைகூடத் தடங்கல் இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

இந்த நாட்டில் குறைந்த செலவில் நன்றாகச் சாப்பிட ஒரு வழி இருக்கிறது: எடைச் சாப்பாடு. பிரேசில் முழுக்க இருக்கிறது. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போக வேண்டியது, வேண்டியதைப் போட்டுக்கொள்ள வேண்டியது, கடைசியில் தராசில் வைக்க வேண்டியது. சோறு, பருப்பு, காய்கறி, மீன், இறைச்சி எல்லாம் ஒரே விலை. கடலோரத்தில் கிலோ 90 ரெயால் வரை பார்த்தேன். பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் உள்ள கடையில் 58. நான் 400 கிராம் போட்டுக்கொண்டால் 23 ரெயால், வயிறு நிறைகிறது. இதில் சைவர்களுக்கு ஒரு பெரிய நிம்மதி: யாரிடமும் எதையும் விளக்க வேண்டாம், கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை, கறுப்பு அவரையில் இறைச்சித் துண்டு கிடக்க வாய்ப்புண்டு, கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு என் ஷிஃப்ட் முடியும். மூன்று மணிக்குக் கடையை எடுத்து வைத்துவிடுவார்கள். ஓடித்தான் போக வேண்டியிருக்கிறது.

பராயிபாச் சாப்பாடு நம் நாக்குக்குத் தூரமில்லை. தெற்கே கறுப்பு அவரை என்றால் இங்கே காராமணி. பச்சைக் காராமணியையும் அரிசியையும் பாலாடைக்கட்டியோடு சேர்த்துக் குழைவாகச் செய்வது ருபகாவ். கொத்தமல்லித் தழை எல்லாவற்றிலும் விழுகிறது. காலையில் மரவள்ளி மாவில் சுடும் தபியோகா, உள்ளே தேங்காயும் பாலாடைக்கட்டியும். மக்காச்சோள மாவை ஈரப்படுத்தி ஆவியில் வேகவைக்கும் குஸ்குஸ் நம் புட்டேதான், பாத்திரம் வரைக்கும். அரைக் கிலோ சோள மாவு இரண்டு ரெயால் சுற்றித்தான். அதில் எனக்கு நாலு நாள் காலைச் சாப்பாடு முடிந்துவிடும். மேலே வெல்லத்தை உடைத்துப் போட்டுக்கொள்கிறேன். இங்கே வெல்லமும் செங்கல் செங்கலாகக் கிடைக்கிறது, கரும்பு நாடல்லவா.

காரம்தான் இல்லை. மிளகாய்ப்பொடி கொண்டு வந்தது நல்லதாயிற்று.

அக்டோபர் 18, சனி

காலையில் பஸ் பிடித்து ஊரின் பழைய பகுதிக்குப் போனேன். பஸ் கட்டணம் ஐந்து ரெயாலைச் சுற்றி, எவ்வளவு தூரம் போனாலும் அதேதான். நடு ஊரில் லகோவா என்று அழைக்கப்படும் ஏரிப் பூங்கா. சுற்றிலும் உயரமான பனை வரிசை. அங்கிருந்து நடந்தால் மத்தியச் சந்தை.

நான் பண்ருட்டிக்காரன். பலாவும் முந்திரியும் பார்த்து வளர்ந்தவன். அந்தச் சந்தையில் நான் நின்ற நிலையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இங்கே இப்போதுதான் முந்திரி சீசன் ஆரம்பம். நம் ஊரில் மாசி பங்குனியில் தொடங்குவது, பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் என்பதால் ஐப்பசியில். சிவப்பும் மஞ்சளுமாக முந்திரிப்பழம் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், கொட்டையோடு சேர்த்தே. வாங்குகிறவர்கள் பழத்துக்காக வாங்குகிறார்கள். கொட்டை அவர்களுக்கு இரண்டாம் பட்சம். எங்கள் பக்கத்தில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவோம். குழந்தைகள் உப்பு தொட்டுத் தின்பதோடு சரி. இங்கே சாறு பிழிகிறார்கள், பாகு காய்ச்சுகிறார்கள், பிழிந்த சக்கையை வெங்காயம் தக்காளியோடு வதக்கிக் கறி மாதிரி சமைக்கிறார்கள். ஒரு ரெயாலுக்கும் இரண்டு ரெயாலுக்கும் ஒரு டம்ளர் சாறு குடிக்க முடிகிறது. தொண்டையைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு கொஞ்சமும் மாறவில்லை, பண்ருட்டியில் குடித்த அதே துவர்ப்பு.

முந்திரி மரத்தின் சொந்த ஊர் இந்த வடகிழக்குக் கரைதான். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்களில் கோவா வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மூலம் இந்த மண். பதிலுக்கு நம்மிடமிருந்து இங்கே வந்தவை மாவும் பலாவும். பக்கத்துக் கடையில் பலாவை அறுத்துச் சுளை எடுத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார்கள். விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் இந்தப் பழம் என் ஊரிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். ‘இல்லை மகனே, இது என் தங்கை தோட்டத்துப் பலா’ என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முந்நூறு வருடத்துக்கும் மேலாக இங்கேயே காய்க்கிற மரம், அவர் சொன்னதும் உண்மைதானே. நாலு சுளை சும்மா கொடுத்தார்.

பலாக்காயைச் சமைக்கும் வழக்கம் இங்கே குறைவு. நான் ஒரு பிஞ்சு வாங்கி வந்து பொரியல் செய்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். கிண்ணம் காலியாகத் திரும்பவில்லை. அதில் மக்காச்சோளக் கூழ் இருந்தது.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: இரண்டு பை நிறையக் காய், பழம், ஒரு கிலோ காராமணி, தேங்காய் இரண்டு, கொத்தமல்லி, கொஞ்சம் பாலாடைக்கட்டி. மொத்தம் 84 ரெயால். இதையே தம்பாவ் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் 130-க்குக் குறையாது என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது சந்தையிலிருந்து கீழே இறங்கி ரயில் நிலையம் போனேன். சாந்தா ரீத்தாவிலிருந்து கபெதேலோ துறைமுகம் வரை 30 கிலோமீட்டர் ஓடும் உள்ளூர் ரயில். கட்டணம் பஸ்ஸைவிடவும் குறைவு. ஆற்றோரமாக அலையாத்திக் காடுகள் வழியே போகிறது; ஜன்னல் இருக்கை கிடைத்தால் பிச்சாவரம் போன ஞாபகம் வரும். ஞாயிறு ஓடாது. வேலைக்குப் போகிறவர்களுக்கான ரயில் அது. சுற்றுலாப் பயணிகள் யாரும் ஏறக் காணோம். எல்லோரும் காரில் போகும் ஜக்காரே கரைக்கு அதிலேயே போகலாம். அங்கே தினமும் மாலை ஆற்றில் படகில் நின்றபடி ஒருவர் சாக்ஸபோனில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேலின் பொலேரோ வாசிக்க, சூரியன் மறைவதைக் கூட்டமாக நின்று பார்க்கிறார்கள். நான் இன்னொரு நாள் போவேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

விடிகாலையில் கபோ பிராங்கோ. கடலோரச் சாலையில் காலை எட்டு மணி வரை கார்களை விடுவதில்லை. நடப்பவர்கள், சைக்கிள், தள்ளுவண்டியில் குழந்தைகள், நாய்கள். காசு செலவில்லாத இந்த மூன்று மணி நேரம்தான் இந்த ஊர் வாசிகள் தங்கள் ஊரைப் பற்றி முதலில் சொல்லிப் பெருமைப்படும் விஷயம். இளநீர் ஐந்து ரெயால். பொரித்த முரல் மீன் ஒரு தட்டு. வஞ்சிரத்தின் நெருங்கிய உறவான கவாலா என்ற மீனும் கிடைக்கிறது, அடுத்த வாரம் வாங்கிக் குழம்பு வைக்கலாம்.

தண்ணீருக்குள் பாறைத் திட்டில் மிதித்ததில் பாதம் கிழிந்துவிட்டது.

அக்டோபர் 20, திங்கள்

இன்று தீபாவளி. அம்மா அங்கே விடிகாலை நாலரைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வீடியோ அழைப்பில் வந்தார். இங்கே ஞாயிறு இரவு எட்டு மணி. ‘ஏம்பா, எண்ணெயாவது வெச்சியா?’ என்றார். தேங்காய் எண்ணெய் வைத்தேன். இன்று வேலைக்கு விடுப்பு.

விடுப்பு நாளில் இரண்டு வேலை முடித்தேன். முதலாவது, காயத்தைக் காட்ட அரசுச் சுகாதார நிலையம். பிரேசிலின் 1988 அரசியலமைப்பு மருத்துவத்தை எல்லோருக்குமான உரிமை என்கிறது. அதன்படி அமைந்த பொது மருத்துவத் திட்டத்தில் வெளிநாட்டவனுக்கும் காசு இல்லை. நர்ஸ் பாஸ்போர்ட்டையும் வரி எண்ணையும் குறித்துக்கொண்டார், புண்ணைக் கழுவிக் கட்டினார், டெட்டனஸ் ஊசி போட்டார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். கையில் கைக்குழந்தையோடு எனக்கு முன்னால் காத்திருந்தவர்களைப் பார்க்கும்போது, இந்த வசதி யார் உழைப்பில் நடக்கிறது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே இன்னும் ஒரு ரெயால்கூட வருமான வரி கட்டவில்லை. 183 நாளைத் தாண்டித் தங்கினால் வரிக் கணக்கில் இந்த நாட்டுவாசி ஆகிவிடுவேன். அதற்கு முன்னால் இரண்டு நாட்டிலும் ஒரு ஆடிட்டரைப் பார்ப்பது அவசியம்.

இரண்டாவது, பணம். சிபிஎஃப் என்ற வரி எண்தான் இங்கே எல்லாவற்றுக்கும் சாவி. சிம் கார்டு வாங்க, ஆன்லைனில் பொருள் வாங்க, மருந்துக் கடையில் தள்ளுபடி பெற என்று எங்கே போனாலும் அதைக் கேட்பார்கள். சுற்றுலாப் பயணிக்கும் கொடுக்கிறார்கள். நான் இந்தியாவிலிருந்தே தூதரகம் மூலம் வாங்கிவிட்டேன். பணப் பரிமாற்றத்துக்கு 2020 நவம்பரில் அவர்களுடைய மத்திய வங்கி தொடங்கிய பிக்ஸ். நம் யூபிஐ போலவே தேங்காய்க் கடை வரை க்யூஆர் அட்டை தொங்குகிறது. அதற்கு உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குக்குக் குடியேற்ற அட்டை வேண்டும். அது வரும்வரை ஃபாரெக்ஸ் கார்டும் கொஞ்சம் ரொக்கமும். பல சின்னக் கடைகளில் பிக்ஸில் கொடுத்தால் விலையைச் சற்றுக் குறைக்கிறார்கள், கார்டுக்குக் குறைப்பதில்லை.

ஒரு மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாடகை 1,900. ஏசியை இரவில் மட்டும் ஓட்டினால் மின்சாரம் 150. இன்டர்நெட் 100. வேலை நாட்களில் எடைச் சாப்பாடு 500. சந்தையும் மளிகையும் 600. பஸ் ரயில் 120. கேன் தண்ணீரும் ஃபோனும் 80. இளநீர், தபியோகா, ஞாயிற்றுக்கிழமை மீன் என்று ஒரு 250. ஆக 3,700 ரெயால், சுமார் 60,000 ரூபாய். ஓ.எம்.ஆரில் நான் தனியாக இருந்தபோது ஆன செலவைவிட இது அதிகமே. அதனால் நம்மவர்களுக்கு நான் சொல்வது: இந்தியச் சம்பளத்தில் இங்கே சேமித்துக் குவிக்க முடியாது. கௌரவமாக வாழ முடியும். போக வர விமானக் கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்குவதென்றால் அந்தக் காசுக்குப் பொருளே இல்லை. நின்று தங்குபவருக்கு மட்டுமே இந்த ஊர் கட்டுப்படியாகும்.

அக்டோபர் 22, புதன்

முன்கட்டில் குடியிருக்கும் பெண் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர். ஒரு மகன், ஏழு வயது. மாலையில் அந்தப் பையன் என் போர்த்துகீசிய வாத்தியார். நான் தப்பாகச் சொன்னால் முகத்தில் கைவைத்துக்கொண்டு சிரிப்பான். நேற்று அவன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது வாடகைப் பேச்சு வந்தது. இதற்கு முன் மனாயிராவில் இருந்தார்களாம். அங்கே வீட்டுக்காரர் ஒப்பந்தம் முடிந்ததும் காலி பண்ணச் சொல்லி, வீட்டைப் புதுப்பித்து நாள் வாடகைக்கு விடத் தொடங்கிவிட்டார். இப்போது வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறார்.

2025-ல் பிரேசிலின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,518 ரெயால். அவர் சம்பளம் அதற்குச் சற்று மேல். நான் சிக்கனம் என்று நினைத்துப் போட்ட 3,700 அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கடந்த சில வருடங்களில் வீட்டு விலை வேகமாக ஏறிய மாநிலத் தலைநகரங்களில் ஜோவாவ் பெசோவா முன் வரிசையில் இருக்கிறது. தெற்கிலிருந்து ஓய்வுக்கு வருபவர்கள், முதலீட்டுக்கு ஸ்டுடியோ வாங்குபவர்கள், கூடவே எங்களைப் போல லேப்டாப்போடு வருபவர்கள். இதில் எங்கள் பங்கு சிறியதாக இருக்கலாம். ஆனாலும் வெளிநாட்டவன் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த வருடம் அந்த விலைதான் அந்தத் தெருவின் விலை ஆகும். பெங்களூரிலும் பாண்டிச்சேரியிலும் நாம் இதைப் பார்த்திருக்கிறோம்.

அதனால் வீட்டுக்கார அம்மாவோடு இன்று உட்கார்ந்து பேசினேன். இங்கே இரண்டு வகை ஒப்பந்தம். 1991-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, குறுகிய காலத்துக்கு என்றால் அதிகபட்சம் 90 நாள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கலாம். சாதாரணக் குடியிருப்பு ஒப்பந்தம் என்றால் ஒவ்வொரு மாதமும் கொடுத்தால் போதும், ஆனால் உத்தரவாதம் ஏதாவது ஒன்று கேட்பார்கள்: ஊரில் சொத்துள்ள ஒருவர் ஜாமீன், அல்லது காப்பீடு, அல்லது அட்வான்ஸ். ஒன்றைத்தான் கேட்க முடியும், இரண்டைச் சேர்த்துக் கேட்பது சட்ட விரோதம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அந்தப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும், வட்டி குடியிருப்பவனுக்கு. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைக்காரர்கள் இந்தப் பத்தியை இரண்டாம் முறை படிப்பீர்கள் என்று தெரியும்.

ஜாமீன் போட எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள். மூன்று மாத அட்வான்ஸ் கொடுத்து, ஒரு வருட ஒப்பந்தம் போடுவதாகச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். ‘வருடம் முழுக்க இருப்பாய் என்றால் 1,650 கொடு. இதற்கு முன் இருந்த மாணவனுக்கு அதுதான். உனக்கு மட்டும் ஏன் கூட?’ என்றார். 1,900 என்று சொன்னது கடற்கரை விளம்பரங்களைப் பார்த்துப் போட்ட விலை என்று அவரே சொன்னார். 250 ரெயால் எனக்குக் குறைந்தது சந்தோஷம்தான். அதைவிட, அந்த அறையின் விலை ஏறாமல் இருந்தது எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் போன பிறகு வரும் மாணவனுக்கும் அதுவே பேச்சுக்குத் தொடக்கமாக இருக்கும்.

ஒப்பந்தத்தில் என் பெயரை எழுத அவருக்கு நாலு காகிதம் தேவைப்பட்டது. இங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டும். அப்பா பெயரை அந்த இடத்தில் போட்டோம். இந்த ஒப்பந்தம் இருந்தால்தான் முகவரிச் சான்று கிடைக்கும், முகவரிச் சான்று இருந்தால் மற்ற காகிதங்கள் சுலபம்.

நாளை மாலை மத்தியப் போலீஸ் அலுவலகத்தில் குடியேற்றப் பதிவுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நாட்டுக்குள் வந்த 90 நாளுக்குள் செய்ய வேண்டியது; முன்பதிவு ஆன்லைனில். பாஸ்போர்ட், விசா, இன்று போட்ட ஒப்பந்தம், கட்டணம் கட்டிய ரசீது எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். அட்டை கைக்கு வந்ததும் வங்கிக் கணக்கு பற்றி எழுதுகிறேன். நவம்பரில் முந்திரி சீசன் உச்சத்துக்கு வரும்போது, நடால் நகரத்தின் பக்கம் பிரான்ஜியில் 8,500 சதுர மீட்டருக்குப் படர்ந்து கிடக்கும் ஒற்றை முந்திரி மரத்தைப் பார்க்கப் போக வேண்டும். பண்ருட்டியிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.